ஆசாரி கையில் இல்லாத காகிதம்

கொட்டகலைப் பக்கம் தோட்டங்களில் ஒரு ஆசாரி மாமாவைத் தெரியாதவர்கள் குறைவு. லயத்துக் கதவு இறங்கிப் போனால் அவர்தான். கோயில் சப்பரத்துக்குச் சட்டம் அடிக்கவும் அவர்தான். நாங்கள் பார்த்த மாமா ஒருவர் அளவுநாடா இல்லாமலே, சாணை வைத்துப் பார்த்தே பலகை அறுப்பார். முப்பது வருச வேலை. ஆனால் 'இவர் தச்சர்' என்று சொல்லும் ஒரு துண்டுக் காகிதம்கூட அவரிடம் இல்லை. ஏன் இல்லை? அந்தக் கேள்விக்குப் பின்னால் மலையகத்தின் முழு வரலாறும் இருக்கிறது.

முதலில் சொல்லையே பாருங்கள். 'ஆசாரி' என்பது 'ஆசாரிய' என்ற வடசொல்லில் இருந்து வந்தது. பொருள், ஆசிரியர். உளி பிடிப்பவரை ஆசிரியர் என்று அழைத்த சமூகம்தான் நம்முடையது. ஆனால் அந்த ஆசிரியரிடம் யார் மாணவராகலாம்? அப்பாவிடம் மகன், மாமனிடம் மருமகன். தொழில் சாதிக்குள்ளேயே சுற்றியது. வெளியே இருந்து ஒரு பையன் வந்து 'எனக்கும் சொல்லிக் கொடுங்க' என்று கேட்க வழி இருக்கவில்லை. பதிவும் இல்லை, காலக்கெடுவும் இல்லை.

ஐரோப்பாவில் வேறு மாதிரி. இங்கிலாந்தில் 1563இல் வந்த சட்டம், ஒரு தொழிலைச் செய்ய வேண்டுமானால் குறைந்தது ஏழு வருசம் பயிலுநராக இருந்திருக்க வேண்டும் என்றது. அந்தக் கட்டாயம் 1814 வரை நீடித்தது. பையன் சார்பில் ஒரு ஒப்பந்தம் எழுதப்படும். சோறும் படுக்கையும் எசமான் பொறுப்பு, உழைப்பு பையன் பொறுப்பு. அதில் சுரண்டலும் நிறைய இருந்தது, மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் காகிதத்துக்கு ஒரு முடிவு தேதி இருந்தது. முடிந்த அன்று பையன் தொழிலாளி.

அதே ஆங்கிலேயர்கள்தான் இங்கே நம் ஆட்களுக்கும் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் 'துண்டு'. கங்காணியின் ஆட்கள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், அவர்கள் பட்ட கடன் எவ்வளவு என்று அந்தத் துண்டில் இருக்கும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் தோட்டம் மாறும், ஆளை விட்டுப் போகாது. 1921இல்தான் இந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஒரு காகிதம் 'இவனுக்கு என்ன தெரியும்' என்று எழுதியது. இன்னொன்று 'இவன் எவ்வளவு தர வேண்டும்' என்று மட்டும் எழுதியது.

தோட்டத்துக்குத் தச்சு வேலை தேவையில்லாமல் இருந்ததா என்றால், இல்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். 1884இல் ரயில் ஹட்டன் வரை வந்தது. ஸ்டோருக்குக் கொழுந்து வாட்டும் மாடி வேண்டும், லயத்துக்குக் கூரைமரம் வேண்டும், தேயிலையை ஏற்றுமதி செய்ய உள்ளே ஈயத்தாள் ஒட்டிய மரப்பெட்டி வேண்டும். எல்லாவற்றிலும் மரம், எல்லாவற்றிலும் ஆணி. ஆனால் பெரட்டில் பேர் போடும்போது பெரும்பாலானோருக்குக் கிடைத்தது கூடையும் கவ்வாத்துக் கத்தியும்தான். உளி கிடைத்த சிலரும் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். அந்த அறிவைத் தோட்டம் பயன்படுத்திக்கொண்டது, பதிவு செய்யவில்லை.

பிறகு சுதந்திரம் வந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் 'பிறகு பார்க்கலாம்'. அந்தப் பிரிப்பு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், 1971இல், இலங்கையின் தேசிய பயிலுநர் சட்டம் வந்தது. பயிலுநர் பயிற்சிக்கு அரசின் பதிவும் மேற்பார்வையும் வந்தன. நல்ல சட்டம்தான். ஆனால் அப்போது நம் தாத்தா பாட்டிகளில் லட்சக்கணக்கானோர் எந்த நாட்டுப் பிரசை என்றே தெரியாமல் இருந்தார்கள். நாடு இளைஞர்களுக்குத் தொழில் காகிதம் கொடுக்கத் தொடங்கியபோது நாம் அடையாளக் காகிதத்துக்கே வரிசையில் நின்றோம். 1988 சட்டமும் 2003 சட்டமும் வந்த பிறகுதான் அந்த வரிசை முடிந்தது.

இன்று நிலைமை வேறு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த 'நைட்டா' (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை) பயிலுநர்களைப் பதிவு செய்கிறது. தச்சுப் பட்டறை ஒன்றில் சேர்வதும் பயிலுநர் ஆவதும் ஒன்றல்ல. ஒப்பந்தம் எழுதி, பதிவாகி, நாளாந்தம் செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதினால்தான் பயிலுநர். வாள் தீட்டுவதில் தொடங்கி, மூலைமட்டம் பிடிக்க, இழைக்க, துளையும் கழுந்தும் வெட்டிப் பொருத்த, கடைசியில் ஒரு முழுக் கதவை நிறுத்தக் கற்க வேண்டும். முடிவில் மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும். தேறினால் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. அதில் ஏழு மட்டங்கள் உண்டு. 4ஆம் மட்டம் முழுமையான கைவினைஞருக்கானது, 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். உளியில் தொடங்கிப் பட்டம் வரை போகும் பாதை காகிதத்திலாவது இருக்கிறது.

நம் ஆசாரி மாமாவுக்கும் வழி இருக்கிறது. 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற முறையில், வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலைகளுக்கான ஆதாரத்தைக் காட்டி, நேரில் செய்தும் காட்டி அதே சான்றிதழை எடுக்கலாம். இதை அவரிடம் நாங்கள் சொன்னபோது சிரித்தார். "இந்த வயசுல எனக்குப் பரீட்சையா தம்பி?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் காகிதம் இருந்தா பையனுங்கள எங்கிட்ட முறையா அனுப்புவாங்களா?" என்று கேட்டார். எங்களுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். லயம் போய்த் தனி வீடு, ஏழு பேர்ச்சஸ் காணி என்று எத்தனை வருசமாகக் கேட்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு வேண்டும், ஜன்னல் வேண்டும், கூரை வேண்டும். அந்த வேலை நம் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா, இல்லை வெளியில் இருந்து வரும் பாஸ்மாருக்குக் கூலி ஆளாக நிற்பார்களா? சாதாரண தரத்தோடு நின்று, அடுத்த வாரமே கொழும்பில் கடைக்குப் போகும் தம்பிகளிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

பல்கலைக்கழகம் வந்த எங்களுக்கும் இதில் பங்குண்டு. சித்தியடையாதவன் போகிற இடம் தொழிற்பயிற்சி என்று நாமே பேசிப் பழகிவிட்டோம். ஒருகாலத்தில் ஆசிரியர் என்று அழைத்த ஆளைத்தான் அப்படித் தாழ்த்துகிறோம். ஆகவே விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்வோம். பிரதேச செயலகத்திலும் நைட்டா மாவட்ட அலுவலகத்திலும் கேட்டு, விண்ணப்பத்தை எடுத்து, இரண்டு பேரிடம் கொடுப்போம். ஒன்று தம்பிக்கு. மற்றது மாமாவுக்கு.