எதிரியிடம் படியெடுத்த குழல்

'மோட்டார்' என்றதும் நமக்குக் கிணற்றடி பம்புசெட்டே நினைவுக்கு வருகிறது. இங்கு நாம் பேசுவது மோர்ட்டார் என்னும் குறும்பீரங்கியைப் பற்றி.

பிரான்சின் பிராண்ட் நிறுவன வடிவமைப்பைத் தழுவி, போரிஸ் ஷாவிரின் தலைமையில் உருவானது சோவியத்தின் 1938ஆம் ஆண்டு 120 மி.மீ. மோர்ட்டார். சுமார் 16 கிலோ குண்டை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவுக்கு எறியவல்லது. 1941இல் படையெடுத்துச் சென்ற ஜெர்மானியர் அதனிடம் அடிவாங்கினர். கைப்பற்றியவற்றைத் தாமும் பயன்படுத்தினர். பின்னர் 'கிரனாட்வெர்ஃபர் 42' என்று பெயரிட்டு நகலே செய்தனர். ஸ்லாவியரை இழிந்த இனமென்று ஏசிய ஆட்சி அது!

ரஷ்யாவின் ஸ்வெஸ்தா நிறுவனம் இம்மோர்ட்டாரை, இயக்கும் வீரர்களுடன், 1:72 அளவில் பிளாஸ்டிக் தொகுப்பாக வெளியிட்டது. அவ்வளவில் குழல்வாய் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. குண்டு விழும் ஊரோ 80 மீட்டருக்கு அப்பால், தெருக்கோடியில் இருந்தாக வேண்டும். பெட்டிக்குள் அதற்கென்று எதுவுமில்லை.