பெயர்ப்பலகைக்கென்றே பிறந்த எழுத்து

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், நிபோங் திபால் பக்கம் இருக்கிறது பைராம் தோட்டம். இங்கிலாந்தின் யார்க்ஷியரிலும் ஒரு பைராம் உண்டு. அது ராம்ஸ்டன் குடும்பத்தின் மாளிகை. 19ஆம் நூற்றாண்டில் நிபோங் திபால் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்கள் பலவும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருந்தன. வெட்டவும் சுமக்கவும் தமிழர்கள் வந்தார்கள். துரை வீட்டுப் பெயரும் தமிழ் எழுத்துக்குள் வந்தது. இன்று அங்குள்ள தமிழ்ப்பள்ளியும் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது.

இப்படிப்பட்ட பெயர்ப் பலகைக்கு எந்த எழுத்துப் பொருந்தும்? மேலைநாட்டு அச்சுக்கலையில் இதற்கென்றே ஓர் இனம் உண்டு. கோடு தடிமனாக இருக்கும். முடியும் இடத்தில் தனி முனை ஒட்டியிருக்காது, கோடே மெல்ல அகன்று விரியும். வேட்டி நுனி விசிறியதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த இனத்தில் பேர்போனது ஆல்பர்ட்டஸ். ஜெர்மானியரான பெர்த்தோல்டு வோல்பே வெண்கலப் பட்டயங்களில் எழுத்து வடித்தவர். எழுத்தைக் குடையமாட்டார், சுற்றியுள்ள உலோகத்தைச் செதுக்கி நீக்கி, எழுத்தை மேடாக நிறுத்துவார். அப்படிச் செய்தால் நுணுக்கமான முனைகள் நிற்காது, தடித்த எளிய வடிவமே தங்கும். 1932இல் மோனோடைப் நிறுவனத்தின் ஸ்டான்லி மோரிசன் அந்த வடிவத்தை அச்செழுத்தாக்கித் தரும்படி கேட்டார். அப்படிப் பிறந்த ஆல்பர்ட்டஸ் பிறகு ஃபேபர் பதிப்பகத்தின் நூல் அட்டைகளிலும், லண்டன் சிட்டியின் தெருப்பலகைகளிலும் ஏறியது. அட்டை, பலகை, பட்டயம்: மூன்றிலும் சொற்கள் குறைவு, எழுத்து பெரிது. அதே எழுத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கோத்தால் கண் களைத்துவிடும்.

தமிழ் எழுத்தின் பிறவி வேறு. ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு எங்கும் ஒரே பருமன். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் ஈய எழுத்தும் ஓலைக் கையெழுத்தின் வழியில் வந்ததே. அதில் மெய்க்குப் புள்ளிகூட இல்லை. தடிப்பும் மெலிவும் அச்சுப்பட்டறைகள் பின்னாளில் சேர்த்த அலங்காரம்.

ஆனால் தலை தடித்த எழுத்து இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1834இல், நிபோங் திபாலை உள்ளடக்கிய செபராங் பிறையில், ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் மாநாவிகன் (கப்பல் தலைவன்) பெயரைத் தாங்கிய, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமஸ்கிருதக் கல்வெட்டு அது. எழுத்து, தென்னிந்தியப் பல்லவ மரபு. கோட்டின் தலையில் சிறு தடிப்பு வைப்பது அம்மரபின் வழக்கம். அங்கேயும் கல்லில் ஒரு பெயர் நின்றது!

சரி, ‘பைராம் தோட்டம்’ என்பதை இந்தப் பாணியில் வரைந்தால்? ஏழே எழுத்து. ப, ட இரண்டும் நேர்க்கோட்டுப் பிறவிகள். நுனியை அகட்டினால் கம்பீரமாக நிற்கும். ரகரமும் காலும் அப்படியே. வம்பு ஐகாரக் கொம்பிலும் ‘தோ’விலும்தான்: தடிமன் கூடினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அங்கே கோட்டை மெலிக்க வேண்டும். மூன்று புள்ளிகளையும் சற்றுச் சிறிதாக்கி, மேலே தள்ளி வைக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கான அளவை அப்படியே தமிழுக்குப் போட்டால் கிடைப்பது மைக்கறை.

இந்த வேலைக்கு மலேசியாவில் ஆளில்லாமல் இல்லை. ஆப்பிள் கணினிகளில் இருக்கும் ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருப் பெயரின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள் (MN), அதை வரைந்த மலேசியரான முத்து நெடுமாறனின் பெயரைக் குறிப்பவை.