கடவுச்சீட்டோடு போன பொம்மைகள்

1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஜப்பானைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் எவரும் இனிக் குடியேற முடியாது என்றுதான் சொன்னது. ஜப்பானியர் அப்படித் தகுதியற்றவர்களே என்று ஓசாவா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இலேயே தீர்ப்பளித்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் கதவடைப்பு யாருக்கென்று விளங்கும். ஜப்பானுக்கு நன்றாகவே விளங்கியது. அந்தக் கசப்பு ஆறாமல் இருந்த 1927இல், இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் பசிபிக் பெருங்கடலைக் கடந்து ஒருவருக்கொருவர் பொம்மைகளை அனுப்பிக்கொண்டார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் பெயர் இருந்தது. பாஸ்போர்ட்டும் கப்பல் டிக்கெட்டும் இருந்தன. ஜப்பானிலிருந்து போன பொம்மைகள் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றி, வரவேற்புப் பெற்று, விருந்தாளிகளாக உட்கார்ந்திருந்தன. பதினான்கே ஆண்டுகளில் இரு நாடுகளும் போரில் இறங்கிவிட்டதால், இந்த நிகழ்ச்சியைத் தோற்றுப்போன ஒரு நல்லெண்ண முயற்சியாகவே வரலாறு எழுதிவைத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்பது என் வாதம். பொம்மைகள் போரைத் தடுத்தனவா என்று கேட்பதற்கு முன்னால், அவற்றைப் பயணிகளாக்கி அனுப்பியதால் என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டும். அதற்கான விடை பெரும்பாலும் போர்க்காலத்தில்தான் கிடைக்கிறது.

இதற்கு வித்திட்டவர் சிட்னி கியூலிக். 1860இல் பிறந்த இந்த அமெரிக்கப் பாதிரியார் 1888 முதல் 1913 வரை ஜப்பானில் வாழ்ந்தவர். குமமோட்டோவிலும் மட்சுயாமாவிலும் ஊழியம் செய்து, கியோட்டோவின் தோஷிஷாவில் கற்பித்தவர். ஊர் திரும்பிய பிறகு, ஆசியர்களைத் தனியே ஒதுக்கும் சட்டங்களை எதிர்ப்பதையே தம் வேலையாக்கிக்கொண்டார். எந்த இனத்தாரும் தங்களில் ஏற்கெனவே அமெரிக்கக் குடிமக்களாகிவிட்டவர்களின் எண்ணிக்கையில் குறிப்பிட்ட விகிதம்தான் ஆண்டுதோறும் வரலாம், ஆனால் அந்த விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1914இலேயே திட்டம் தந்தார். விகிதக் கணக்கை நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது, எல்லோருக்கும் ஒன்று என்பதை விட்டுவிட்டது. ஐரோப்பிய நாடுகளுக்கு வகுத்த அதே கணக்கை ஜப்பானுக்கும் நீட்டியிருந்தால் ஆண்டுக்கு இருநூறு பேருக்கும் குறைவாகவே வந்திருப்பார்கள். அந்தச் சிறு எண்ணிக்கையைக்கூட மறுத்ததில்தான் அவமதிப்பு இருந்தது என்பதைக் கியூலிக் புரிந்துகொண்டிருந்தார். அவரை ஜப்பானின் கையாள் என்று ஏசியவர்கள் உண்டு. சட்டம் நிறைவேறிய பிறகு பெரியவர்களிடம் பேசிப் பயனில்லை என்று கண்டு, அவர் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார்.

அவர் தேர்ந்தெடுத்த நாள் மார்ச் 3. ஜப்பானில் அது பெண் குழந்தைகளுக்கான ஹினாமத்சூரித் திருநாள். நம் வீடுகளில் நவராத்திரிக்குக் கொலு வைப்பதுபோல், சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசனும் அரசியும் பரிவாரமுமாகப் பொம்மைகளை அடுக்கிப் பெண் குழந்தைகளின் நலனை வேண்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் அமெரிக்கப் பொம்மைகளும் போய்ச் சேரட்டும் என்று எண்ணி, 1926இல் தேவாலயக் கூட்டமைப்பின் ஆதரவில் ஒரு குழு அமைத்தார். தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் பிள்ளைகள் காசு சேர்த்துப் பொம்மை வாங்கினார்கள், உடை தைத்தார்கள், பெயர் வைத்தார்கள், பெறப்போகும் பிள்ளைக்குக் கடிதம் எழுதினார்கள், வழியனுப்பு விழாவும் நடத்தினார்கள். பாஸ்போர்ட்டுக்கும் கப்பல் டிக்கெட்டுக்குமாக ஒரு பொம்மைக்கு ஒரு டாலர் கட்ட வேண்டும். சாய்த்தால் ‘மாமா’ (அம்மா) என்று ஒலியெழுப்பி, படுக்கவைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பொம்மைகள் 12,700க்கும் மேல் ஜப்பானுக்குப் போயின. அங்கே பொறுப்பேற்றவர் ஷிபுசாவா எயிச்சி. நூற்றுக்கணக்கான நிறுவனங்களைத் தோற்றுவித்த தொழில் முன்னோடி. 2024இல் வெளிவந்த பத்தாயிரம் யென் தாளில் இருப்பது அவர் முகம்தான். தொண்ணூறை நெருங்கிய வயதில், டோக்கியோவின் இளைஞர் மன்றத்தில் நடந்த வரவேற்பு விழாவில் பிள்ளைகளுக்கு நடுவே அவர் இருந்தார். பின்னர் கல்வித் துறை வழியாகப் பொம்மைகள் நாடெங்கும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் போயின. அன்று ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவுக்கும் தைவானுக்கும்கூடப் போயின.

மறுமொய் வைக்காமல் ஜப்பான் விடவில்லை. சுமார் 26 லட்சம் பள்ளிச் சிறுமிகள் ஆளுக்கு ஒரு சென், அதாவது யென்னில் நூறில் ஒரு பங்கு, கொடுத்தார்கள். டோக்கியோவிலும் கியோட்டோவிலும் இருந்த தேர்ந்த கைவினைஞர்கள் 58 பொம்மைகளைச் செய்தார்கள். 47 மாவட்டங்களுக்கு ஒவ்வொன்று, ஆறு பெருநகரங்களுக்கு ஒவ்வொன்று, ஆளுகைப் பகுதிகள் நான்குக்கு ஒவ்வொன்று, ஜப்பான் முழுமைக்குமாக ஒன்று. சிப்பி ஓட்டுப் பொடியால் மேனி, மனித முடியால் கூந்தல், பட்டுக் கிமோனோ, கூடவே சீர்வரிசையாக அரக்குப் பூசிய பெட்டிகள், தேநீர்ச் சாமான், குடை, செருப்பு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 81 செ.மீ. உயரம், ஒன்றுக்கான செலவு 350 யென். செய்தவர்களில் ஒருவரான இளம் ஹிராட்டா கோயோ பிற்காலத்தில் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற சிறப்பைப் பெற்றார். நான்கு ஆளுகைப் பகுதிகளின் பெயரைத் தாங்கியவை பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ‘மிஸ் கொரியா’வும் ‘மிஸ் தைவா’னும் ஜப்பானியக் கைவினைஞர் செய்து, கிமோனோ உடுத்தி அனுப்பியவை. நட்புத் தூதின் உள்ளே ஒரு பேரரசின் உரிமைக் கோரிக்கையும் பயணம் செய்தது. கியூலிக்கின் நல்லெண்ணத்தை மதிக்கும் எவரும் இதைக் காணாமல் விட முடியாது.

1927 நவம்பரில் தென்யோ மாரு கப்பல் யோகோஹாமாவிலிருந்து புறப்பட்டு, அந்த மாதமே சான் பிரான்சிஸ்கோவை அடைந்தது. பொம்மைகள் முதலில் கால்வைத்த அந்த ஊரின் கதை முக்கியமானது. இருபத்தோராண்டுகளுக்கு முன், 1906இல், ஜப்பானியப் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளோடு படிக்கக் கூடாது, கிழக்கத்தியருக்கென ஒதுக்கிய பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று உத்தரவிட்டது அந்த நகரின் கல்வி வாரியம். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே தலையிட வேண்டி வந்தது. தொழிலாளர்களை அனுப்புவதை ஜப்பான் தானே நிறுத்திக்கொள்ளும் உடன்பாட்டில் அந்தச் சச்சரவு முடிந்தது. அதே நகரம் இப்போது 58 ஜப்பானியச் ‘சிறுமி’களை விழா எடுத்து வரவேற்றது. அங்கிருந்து கிழக்கே வாஷிங்டன், நியூயார்க் என்று போய், பிறகு குழுக்களாகப் பிரிந்து 1928 கோடை வரை நாடு சுற்றின. போன ஊர்கள் 479 என்பது அமைப்பாளர்களின் கணக்கு. தேவாலயம், பள்ளி, நூலகம், பெரிய கடைகளின் கூடம் என்று எங்கெல்லாம் பிள்ளைகளைக் கூட்ட முடியுமோ அங்கெல்லாம் அவற்றை அமர்த்தினார்கள். இந்தச் சுற்றுப்பயணத்தைக் கண்காட்சி என்று சுருக்கிவிடலாகாது. காட்சிப்பொருளை மக்கள் போய்ப் பார்ப்பார்கள். இங்கே பொம்மைகள் மக்களிடம் வந்தன. அவற்றுக்கு வரவேற்புரை வாசித்தார்கள், அவற்றின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், பெயர் சொல்லி அழைத்தார்கள். ஜப்பானியர் ஒருவரைக்கூட நேரில் பார்த்திராத உள்நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைக்கு, ஜப்பானிலிருந்து முறைப்படி ஆவணங்களோடு வந்த முதல் விருந்தாளி அந்தப் பொம்மைதான்.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது. மனிதருக்கு மறுத்த மரியாதையைப் பொம்மைக்குச் செய்வது எளிது. அதற்குச் செலவில்லை, அது வேலை கேட்காது, நிலம் வாங்காது. வரவேற்பு விழாவில் நெஞ்சுருகியவர் சட்டத்தை மாற்றக் கோரியிருக்க வேண்டாமா? சட்டம் மாறவில்லை என்பது உண்மை. 1952 வரை அந்தத் தடை நீடித்தது. நீங்கியபோதும் ஜப்பானுக்குக் கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 185 இடங்கள்தாம். கியூலிக் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1945இல், மறைந்துவிட்டார். ஷிபுசாவாவும் 1931 நவம்பரில், மஞ்சூரியாவில் ஜப்பானியப் படை தாக்குதல் தொடங்கி இரண்டே மாதத்தில் கண்மூடினார். ஆனால் இந்த மறுப்பு ஒன்றை மறந்துவிடுகிறது. கியூலிக் பொம்மைக்கு முன்பே சட்டத்தோடு போராடித் தோற்றவர். பொம்மையை அவர் சட்டத்துக்கு மாற்றாக வைக்கவில்லை. வருங்கால வாக்காளர்களின் மனத்தில் எதையாவது ஊன்ற முடியுமா என்று பார்த்தார். 1927இல் பத்து வயதுப் பிள்ளைக்கு 1941இல் இருபத்து நான்கு வயது. அவர் நம்பிய தலைமுறை முடிவெடுக்கும் இடத்துக்கு வரும் முன்பே போர் வந்துவிட்டது. விதைத்ததற்கும் அறுப்பதற்கும் இடையில் காலமே கிடைக்காத ஒரு முயற்சியை விளைச்சல் இல்லை என்று எப்படித் தள்ளுவது?

அப்படியானால் ஊன்றியது முளைத்ததற்கு ஏதேனும் தடயம் உண்டா? 1943 பிப்ரவரியில் ஜப்பானின் மைனிச்சி நாளிதழ் வெளியிட்ட ஒரு செய்தியில் அது இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த நீலக்கண் பொம்மைகள் முகமூடியணிந்த எதிரிகள், அவற்றை அழிக்க வேண்டும் என்பது செய்தியின் சாரம். வடக்கே அவோமோரி மாவட்டத்தில் ஒரு பள்ளிப் பிள்ளைகளிடம் பொம்மையை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்கள். எரித்துவிடலாம், உடைத்துவிடலாம் என்றவர்களே மிகுதி. கடலில் எறியலாம் என்றார்கள் சிலர். திருப்பி அனுப்பிவிடலாம் என்றார்கள் சிலர். கண்ணில் படும் இடத்தில் வைத்துத் தினமும் துன்புறுத்தலாம் என்றும், தோளில் வெள்ளைக்கொடி மாட்டி நிற்க வைக்கலாம் என்றும், அமெரிக்க ஒற்றராக எண்ணிக் கவனமாக இருக்க வேண்டும் என்றும் விடைகள் வந்தன. படிக்கவே வேதனையான பட்டியல் இது. ஆனாலும் இந்த விடைகள் ஒரு பொருளைப் பற்றியவை அல்ல. திருப்பி அனுப்புவதற்கு அது எங்கிருந்தோ வந்த ஆளாக இருக்க வேண்டும். சரணடைய வேண்டுமானால் அதற்கு ஒரு மனம் இருக்க வேண்டும். மூங்கில் ஈட்டியால் குத்தி, தீயிலிட்டு அவற்றை அழித்த பள்ளிகளில் நடந்தது பொருள் அழிப்பு அன்று, தண்டனை. பதினாறு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த பெயரும் பாஸ்போர்ட்டும் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தன.

இதே ஆழம் எதிர்த்திசையிலும் வேலை செய்தது. ஆசிரியர்கள் சிலர் பொம்மைகளைப் பரணிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஒளித்துவைத்தார்கள். எதிரிக்குப் பரிந்தவர் என்ற பழி அந்நாளில் வேலையையும் அதற்கு மேலும் பறிக்கக்கூடியது. ஜப்பானியர் மரபிலேயே பொம்மைக்கு உயிர் உண்டென்ற எண்ணம் இருக்கிறது, பழைய பொம்மைகளைக் கோயிலில் சடங்கு செய்துதான் விடை கொடுப்பார்கள், ஆகவே ஒளித்துவைத்ததற்கு அமெரிக்க நட்பு காரணமில்லை என்று வாதிடலாம். மரபு உதவியிருக்கும், ஐயமில்லை. ஆனால் அந்த மரபு உடைத்தவர்களுக்கும் பொதுவானது. ஒரே மரபில் வந்தவர்களில் ஒருவர் குத்தவும் இன்னொருவர் ஒளிக்கவும் துணிந்தார் என்றால், வேறுபாடு அந்தப் பொம்மையை யாராகக் கண்டார்கள் என்பதில் இருக்கிறது: எதிரியாகவா, தம் பொறுப்பில் விடப்பட்ட விருந்தாளியாகவா.

இன்று எஞ்சியிருப்பவை முந்நூற்றுச் சொச்சம்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. எல்லாமே எரிக்கப்பட்டவை அல்ல. குண்டுவீச்சிலும் பள்ளித் தீவிபத்திலும் பிள்ளைகளின் கைப்பட்டுத் தேய்ந்தும் போனவை உண்டு. ஆனாலும் ஒளித்தவர்கள் சிறுபான்மையே. இதற்குக் காரணம் அந்தத் திட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. பொம்மைகளைப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்த்தது அரசுக் கல்வித் துறை. சிறுமிகளிடம் ஒரு சென் வசூலானதும் பள்ளி வழியாகத்தான். அன்புகாட்டச் சொல்லி மேலிருந்து வந்த வழியிலேயே வெறுக்கச் சொல்லியும் வந்தது. மக்கள் தாமாகவே நடத்திய முயற்சியாக இது இருந்திருந்தால் இவ்வளவு விரைவில் ஊரெங்கும் பரவியிருக்காது; பரவாமலிருந்தால் ஒரே நாளிதழ்ச் செய்தியில் அழியவும் செய்திருக்காது. கியூலிக்கின் திட்டத்தில் நான் காணும் உண்மையான குறை இதுதான்.

அமெரிக்காவில் இருந்த 58இன் கதி வேறு. சுற்றுப்பயணம் முடிந்ததும் அவை மாநில அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்கும் போய், கண்ணாடிக்குள் நின்றன. போர் வந்ததும் பெரும்பாலானவற்றைக் கிடங்கில் வைத்தார்கள். யாரும் அவற்றை ஈட்டியால் குத்தவில்லை, யாரும் உயிரைப் பணயம் வைத்துக் காக்கவும் இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்டவை இன்று கண்டறியப்பட்டுள்ளன. பிழைத்தவற்றின் விகிதத்தை வைத்து அமெரிக்கர்கள் பெருந்தன்மையானவர்கள் என்று முடிவு கட்டினால் தவறாகும். 1942இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்த நாடு அது. ஊர் ஊராய்ச் சுற்றியபோது விருந்தாளியாக இருந்த பொம்மை, அருங்காட்சியகத்தில் பொருளாகிவிட்டது. பொருளாகிவிட்டதால்தான் பிழைத்தது.

அந்தப் பயணத்தின் தடம் பொம்மைகளின் உடம்பிலேயே இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஊர்களில் எடுத்து, வைத்து, மீண்டும் கட்டியதில் பீடங்களும் சீர்ச்சாமான்களும் இடம் மாறிவிட்டன. ஒரு மாவட்டத்தின் பெயர்ப்பலகையோடு இன்னொரு மாவட்டத்துப் பொம்மை நிற்கும் இடங்கள் பல. 1973இல் குன்மா மாவட்டத்துப் பள்ளியொன்றில் தப்பியிருந்த ‘மேரி’ என்ற பொம்மையைப் பற்றி ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒளிபரப்பியதும், மற்றப் பள்ளிகளும் தங்கள் பரண்களைத் தேடத் தொடங்கின. அமெரிக்காவில் இருப்பவற்றைச் செப்பனிட ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். அந்த வேளையில் அவை தங்கள் மாவட்டத்துக்கும் ஒருமுறை போய் வருகின்றன. பிறந்தகம் வந்திருப்பதாகவே அங்கே சொல்கிறார்கள். கிமோனோவின் பூவேலையையும் கூட வந்த சாமான்களையும் 1927இல் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, எது எந்த ஊர்ப் பொம்மை என்று ஆய்வாளர்கள் பிரித்தறிந்து வருகிறார்கள்.