கூட்டுக் குற்றப்பொறுப்பு (இங்கிலாந்து)

கூட்டுக் குற்றப்பொறுப்பு என்பது ஒருவர் செய்த குற்றத்திற்கு அவருடன் சேர்ந்து செயற்பட்டவர்களையும் பொறுப்பாளிகளாக்கும் குற்றவியல் கோட்பாடு ஆகும். இங்கிலாந்து, வேல்சு சட்டத்தில் இக்கோட்பாடு நெடுங்காலம் சர்ச்சைக்குள்ளானது.

ஆங்காங்கிலிருந்து வந்த சான் விங்-சியு வழக்கில், 1984 இல் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு இதன் எல்லையை விரிவாக்கியது. கொள்ளையிடச் சென்ற கூட்டத்தில் ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டதாகக் கொள்வோம். அவனைக் கொலைக் குற்றவாளியாக்க, கொல்லும் நோக்கமோ கடுங்காயம் விளைவிக்கும் நோக்கமோ அவனுக்கு இருந்ததை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். உடன் சென்றவனுக்கு அந்நோக்கம் தேவையில்லை. கூட்டாளி அவ்வாறு செய்யக்கூடும் என்று முன்னுணர்ந்திருந்தாலே போதும். குத்தியவனை விட உடன் சென்றவனைத் தண்டிப்பது எளிது என்ற விந்தையான நிலை இதனால் ஏற்பட்டது. இருவருக்கும் கட்டாய ஆயுள் தண்டனையே.

2016 பெப்ரவரி 18 அன்று, ஜோகி வழக்கில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் இதனைத் திருத்தியது. முன்னுணர்வு என்பது நோக்கத்திற்கான சான்று மட்டுமே, நோக்கத்திற்கு ஈடாகாது என அது தீர்ப்பளித்தது.

ஆயினும் பழைய தண்டனைகள் தாமாக நீங்கவில்லை. காலங்கடந்து மேல்முறையீடு செய்பவர், தமக்குக் கணிசமான அநீதி நேர்ந்ததைக் காட்டியாக வேண்டும். ஆத்திரேலியாவும் ஆங்காங்கும் இம்மாற்றத்தை ஏற்க 2016 இலேயே மறுத்துவிட்டன. குற்றத்திற்குக் குறிப்பிடத்தக்க பங்களித்தவரை மட்டும் பொறுப்பாக்கக் கோரி, நாடாளுமன்ற உறுப்பினர் கிம் ஜான்சன் கொண்டுவந்த தனிநபர் சட்டமுன்வரைவு 2024 இல் நிறைவேறாமலே காலாவதியானது.