"நடப்பானா டாக்டர்?" - ஒரு கேள்விக்குப் பின்னால் 160 வருஷ வரலாறு

1/
"டாக்டர், இவன் நடப்பானா?"

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையோடு எங்க ஓ.பி.க்கு வரும் அம்மாக்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

நடப்பான்மா. கொஞ்சம் லேட்டா. மற்ற குழந்தைகள் 1 வயதை ஒட்டி நடந்தால், இவர்கள் சராசரியாக 2 வயதை ஒட்டி.

இந்த பதிலுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கு. பார்ப்போம் வாங்க.

2/
1866, இங்கிலாந்து. ஏர்ல்ஸ்வுட் காப்பகத்தின் மருத்துவர் ஜான் லாங்டன் டவுன், இந்தக் குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

முகச்சாயலை வைத்து "மங்கோலிய" என்று ஓர் இனத்தின் பெயரை ஒட்டினார். பெற்றோரின் காசநோய்தான் காரணம் என்றார். ரெண்டுமே தப்பு.

ஆனா அதே கட்டுரையில் சரியான ஒன்றும் இருந்தது. உடல் அசைவுகளின் ஒருங்கிணைப்பு குறைவுதான். ஆனால் முறையாகப் பயிற்சி கொடுத்தால் நன்றாகவே மேம்படும் என்றார்.

1868ல் நார்மன்ஸ்ஃபீல்டில் சொந்தமாக ஓர் இல்லம் தொடங்கினார். 1879ல் அங்கே பிள்ளைகளுக்காக ஒரு நாடக அரங்கமே திறந்தார்!

3/
உலகம் எதைப் பிடித்துக்கொண்டது தெரியுமா? தப்பான பெயரை.

பயிற்சியை மறந்துவிட்டது. 20ம் நூற்றாண்டில் பல நாடுகளில், "காப்பகத்தில் விட்டுடுங்க, எதுவும் செய்ய முடியாது" என்று பெற்றோரிடம் சொன்னது யார்? டாக்டர்கள்தான். என் துறையைச் சேர்ந்தவர்கள்தான்.

4/
1959, பாரிஸ். மார்த் கோத்தியே செல்களை வளர்த்துக் கொடுக்க, ழெரோம் லெஜூன், ரேமோன் துர்ப்பேன் ஆகியோருடன் சேர்ந்து அந்தக் குழு காரணத்தை வெளியிட்டது. 21வது குரோமோசோம் 2க்கு பதில் 3. மொத்தம் 47.

அம்மா சாப்பிட்டதோ, கிரகணமோ, யார் செய்த பாவமோ காரணம் இல்லை.

1965ல் மங்கோலியா கேட்டுக்கொண்டதால் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பழைய பெயரைக் கைவிட்டது.

5/
சரி, நடக்க ஏன் தாமதம்?

தசைகள் தளர்வு. மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்களும் தளர்வு. சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை சற்று சிறியது. அதனால் மற்ற பிள்ளை பத்து தடவையில் கற்பதை, இவர்கள் நூறு தடவை செய்து கற்கணும்.

2001ல் அமெரிக்காவில் டேல் உல்ரிச் குழு, கைக்குழந்தைகளைப் பெற்றோரே தாங்கிப் பிடித்து சின்ன டிரெட்மில்லில் நடக்க வைக்கச் சொன்னது. தினம் 8 நிமிடம், வாரம் 5 நாள். அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட சுமார் 100 நாள் முன்னதாகவே நடந்தார்கள்.

6/
ஆனா 8 வயசுப் பையனை ஒரே பயிற்சியை நூறு தடவை செய்யச் சொன்னா செய்வானா? நாமளே செய்ய மாட்டோம்.

இங்கேதான் மெய்நிகர் உலகம், அதாவது விர்ச்சுவல் ரியாலிட்டி வருது. 1968ல் ஐவன் சதர்லேண்ட் செய்த தலைக்கருவி, எடை காரணமாகக் கூரையிலிருந்து தொங்கியது. 2006ல் நின்டெண்டோவின் 'வீ' வந்தது. கையை வீசினால் திரையில் பந்து பறக்கும். கண்ணால் பார்த்துக் கற்பதில் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் பொதுவாக கெட்டி. அதனால் இது நன்றாகவே பொருந்தியது.

7/
2011ல் தைவான் ஆய்வாளர்கள், பள்ளி வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு வழக்கமான பயிற்சியும் இன்னொரு பிரிவுக்கு வீ விளையாட்டும் கொடுத்தார்கள். ரெண்டு பிரிவுமே முன்னேறியது. உடல் அசைவுத் திறனில் விளையாடிய பிள்ளைகள் ஒரு படி மேல்.

8/
உடனே கடைக்கு ஓடாதீங்க.

மந்திரம் கருவியில் இல்லை. சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்வதில் இருக்கு. வீட்டு மாடிப்படி, ஒரு பந்து, கூட விளையாட ஒரு அண்ணன், இதுவும் சிகிச்சைதான்.

முக்கியம்: இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கும். சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பும் தளர்வா இருக்கும். குதிக்கும், குட்டிக்கரணம் போடும் விளையாட்டுகளுக்கு முன் டாக்டரைக் கேளுங்க.

9/
மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், சுருக்கமா 'டெய்க்'. அரசு மருத்துவமனையில் கேளுங்க. பரிசோதனை, பயிற்சி எல்லாம் இலவசம். எவ்வளவு சீக்கிரம் வர்றீங்களோ அவ்வளவு நல்லது.

1866லேயே எழுதி வைத்ததைச் செய்ய நாம் நூறு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கிட்டோம். உங்க பிள்ளைக்கு ஒரு மாசம்கூட வீணாக வேண்டாம்.