ரெந்திஸ் அகலத்துக்கு ஒரு வழி

தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஈயக் கப்பலைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் வாளிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். 1938இல் கட்டப்பட்டது, 4,500 டன் எடை. கண் அதைவிட்டு நகராதுதான். எனக்கோ இத்தகைய கப்பல்களுக்கு முன்னோடியாக நிலத்துக்குள் இறங்கிய நாலு அங்குலக் குழாயின்மேல்தான் ஆர்வம். எங்கே ஈயம் இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில், எத்தனை காத்தி தேறும் என்று சொன்னது அதுதானே.

பங்கா துளைக்கருவி என்று அதற்குப் பெயர். டச்சுக்காரர்கள் ஆண்ட பங்கா தீவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாகி, பின்னர் கிந்தா பள்ளத்தாக்குக்கும் வந்தது. எஞ்சின் கிடையாது. குழாயின் தலையில் ஒரு மேடை. அதன்மேல் ஏறி நிற்கும் ஆட்கள் உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டை ஏற்றி இறக்குவார்கள். கீழே சிலர் நீளமான கழியைத் தள்ளிக்கொண்டு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருவார்கள். மேலே நிற்பவர்களின் கனமே குழாயை மண்ணுக்குள் இறக்கிவிடும். வெளியே வரும் மணலை டூலாங்கில் அலசி, அடியில் தங்கும் கறுப்புத் தாதுவை நிறுத்து, ஆழத்தோடு சேர்த்து எழுதிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் குழாயைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போய்விடுவார்கள். ஈர மணல் சரிந்து துளையை மூடிக்கொள்ளும்.

எல்லாமே துண்டு துண்டாகக் கழற்றித் தோளில் சுமக்கிற சாமான். அதனால் சாலை வேண்டாம். காட்டில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு ரெந்திஸ் வெட்டினால் போதும். துரைமாருக்குக் காட்டின்மேல் பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூலி மலிவு, அவ்வளவுதான்.

ஈயம் கிடைத்த இடங்களின் கதை நமக்குத் தெரியும்: குட்டைகளும் மணல்மேடுகளும். நான் யோசிப்பது கிடைக்காத இடங்களைப் பற்றி. கனிமம் தேடுகிற இடங்களில் பெரும்பாலானவை சுரங்கமாவதே இல்லை. அன்றைக்கு அப்படிப்பட்ட இடத்தில் மிஞ்சியது ஒரு ரெந்திஸ். அதைச் செடிகொடிகள் மூடிவிடும். புல்டோசர் வந்தபிறகு நிலைமை வேறு. ஒன்றுமில்லை என்று கம்பெனி போய்விடும், சாலை போகாது. சரிவில் வெட்டிய செம்மண் ஒவ்வொரு மழைக்கும் ஓடையில் இறங்கும். மரத் திருடனும் வேட்டைக்காரனும் அதே வழியாகத்தான் உள்ளே போவான்.

இதற்கு வைத்தியம் ஒன்றும் ரகசியமில்லை. பழைய பாலாக் சாலை இருந்தால் அதையே பயன்படுத்தலாம். புதிதாக வெட்டினால் சரிவுக்குக் குறுக்காக, நிலத்தின் மட்டத்தோடு போக வேண்டும். தண்ணீர் சாலை நெடுக ஓடாமல் அங்கங்கே குறுக்குக் கான் வெட்டித் திருப்பிவிட வேண்டும். துளையிடும் திடலில் மேல்மண்ணைத் தனியாகக் குவித்துவைக்க வேண்டும், சேற்று நீரைக் குழியில் தேக்க வேண்டும், போகும்போது துளையை அடைத்து, இறுகிய சாலையைக் கிளறி, அந்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் அதிகம் விட்டுப்போகிறது. ஒன்றும் கிடைக்காத இடத்தில் இன்னும் காசு செலவழிக்க யாருக்கு மனசு வரும்?

சாலையே போடாமல் ஹெலிகாப்டரில் இறக்குகிற துளை இயந்திரங்களும் உண்டு. அவையும் துண்டு துண்டாகக் கழற்றித்தான் போகின்றன, பங்கா கருவி போலவே. கூலிதான் இப்போது மலிவில்லை.