முதற் பக்கத்து பிஸ்மி யாருடையது?

மூத்தாப்பாவின் அறபுத் தமிழ்க் கிதாபு ஒன்று எங்கள் வீட்டு அலுமாரியில் நெடுங்காலம் கிடந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்த கல்லச்சுப் பிரதி. அதை மீளப் பதிப்பிக்க இறங்கியபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. பக்கம் கோத்துத் தந்த தம்பியிடம் முதற் பக்கத்து பிஸ்மி அலங்காரத்தைக் காட்டி, "இத எங்க மகன் எடுத்த?" என்று கேட்டேன். "நெட்டில சும்மா இறக்கினதுதான் சேர். இதையெல்லாம் ஆரு கேக்கப் போறா?" என்றார்.

கல்லச்சுக் காலத்தில் இப்படிக் கேட்க அவசியமே இருக்கவில்லை. 1869இல் கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை ஜாவி எழுத்தில் வெளியிட்டபோது, எழுத்தும் அலங்காரமும் எழுதியவரின் கையிலிருந்தே வந்தன. நமது அறபுத் தமிழ்க் கிதாபுகளும் பெரும்பாலும் அப்படித்தான். ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அறபு எழுத்தோடு புள்ளியும் குறியும் சேர்த்து எழுதினார்கள். அந்தக் குறிகளுக்கு உரிமை கோரியவர் எவரும் இல்லை. ஆனால் எழுதிய கைகளின் பெயர்களும் பல கிதாபுகளில் இல்லாமற் போயின.

உலோக அச்செழுத்தின் கதை வேறு. கெய்ரோவின் பூலாக் அச்சகம் 1820ஆம் ஆண்டளவில் தொடங்கியது. 'அமீரிய்யா' என்றும் அதற்குப் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு உருவான நஸ்க் அச்செழுத்துத்தான் 1924இல் கெய்ரோவில் வெளியான முஸ்ஹபுக்கும் பயன்பட்டது. அந்த எழுத்தை முன்மாதிரியாக வைத்து எகிப்தியரான காலித் ஹுஸ்னி 'அமீரி' என்ற கணினி எழுத்துருவை உருவாக்கி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். நானும் அதைத்தான் தெரிவு செய்திருந்தேன்.

'இலவசம்' என்ற சொல்லில்தான் நாம் வழுக்கி விழுகிறோம். எழுத்தின் வடிவம் ஒன்று, அந்த வடிவத்தைக் கணினிக்குச் சொல்லும் கோப்பு இன்னொன்று. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பொன்று, அச்செழுத்தின் வடிவமைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. 1998இல் இன்னொரு தீர்ப்பு, எழுத்துருக் கோப்பு கணினி நிரல் என்பதால் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் பாதுகாக்கப்படும் ஆக்கங்களின் வரிசையில் கணினி நிரலைச் சேர்த்திருக்கிறது.

பிஸ்மி, ஸலவாத் போன்றவற்றுக்கு ஒருங்குறியில் தனித்தனி இலக்கம் உண்டு. பிஸ்மிக்கு 2003இல் வந்த நான்காம் பதிப்பில் இடம் கிடைத்தது. அந்த இலக்கம் எவருடைய சொத்துமல்ல. ஆனால் அதற்கு ஒருவர் வரைந்து கோப்பில் வைத்த கோடுகள் அவருடைய உழைப்பு. நம்ம தம்பி செய்தது என்ன? விலைக்கு விற்கும் எழுத்துரு ஒன்றிலிருந்து பிஸ்மியை வெட்டி, இலவச எழுத்துருவுக்குள் ஒட்டிவிட்டார். அச்சிட்ட தாளில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துருவை மத்ரஸாக்களுக்கும் அனுப்ப நான் நினைத்திருந்தேன். அனுப்பியிருந்தால் பிறருடைய பொருளை என் பெயரில் பங்கிட்டவனாகியிருப்பேன்.

அமீரிக்குரிய அனுமதிப்பத்திரம் எஸ்.ஐ.எல். நிறுவனம் எழுதிய திறந்த எழுத்துரு உரிமம். அதன் 1.1ஆம் பதிப்பு 2007இல் வந்தது. அதன்படி எழுத்துருவைப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். அதை மட்டும் தனியாக விற்கக் கூடாது. உரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது. உரியவர் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால், திருத்திய பிரதிக்கு வேறு பெயர் இட வேண்டும். திருத்தியதையும் அதே உரிமத்தின் கீழேயே கொடுக்க வேண்டும். அந்த எழுத்தில் அச்சிட்ட நூலை இந்த நிபந்தனைகள் கட்டுப்படுத்தா. கிதாபை நான் விற்கலாம்.

எல்லா இலவச உரிமமும் இப்படியல்ல. ஜி.பி.எல். உரிமத்தில் உள்ள எழுத்துருவைப் பீ.டி.எஃப். கோப்புக்குள் பதித்தால் ஆவணமும் அந்த உரிமத்துக்குள் வந்துவிடுமோ என்ற ஐயம் எழுந்து, அதற்கென்றே விதிவிலக்கு வாசகம் ஒன்று எழுதவேண்டி வந்தது. பின்னட்டையில் நாம் போடும் முகநூல், வட்ஸ்அப் அடையாளங்களும் இலவசக் குறி எழுத்துருக்களில் கிடைக்கின்றன. வரைந்தவர் கோப்பைத் தரலாம். வர்த்தக அடையாளத்தின் உரிமையை அவரால் தர முடியாது.

ஒட்டிய பிஸ்மியை எடுத்துவிட்டோம். அமீரியிலேயே இருந்த பிஸ்மியைப் போட்டோம். கிதாபில் இருந்து எழுத்துருவில் இல்லாத அறபுத் தமிழ் எழுத்தைத் தம்பியே வரைந்தார். மூத்தாப்பாவின் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு இரவு முழிச்சார். திருத்திய எழுத்துருவுக்கு வேறு பெயர் வைத்து, காலித் ஹுஸ்னியின் உரிமைக் குறிப்பை அப்படியே விட்டு, அதன் கீழே தம்பியின் பெயரையும் சேர்த்தோம். இஸ்னாத் பார்த்து ஹதீஸை ஏற்கும் சமூகத்துக்கு இது புதிய பாடமல்ல.

ஆனால் கல்லச்சில் அந்தக் கிதாபை எழுதியவர் யார் என்று கடைசிப் பக்கம் வரை தேடியும் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுக் கிதாபுகளின் இறுதிப் பக்கங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். எழுதியவர் பெயர் இருந்தால் குறித்து வையுங்கள். அடுத்த பதிப்பில் அவர்கள் பெயரும் வரவேண்டும்.